ஓட முடியாதவர்கள் வாழும் வீடு: முதியோர் இல்லத்தில் வன்முறை வெடித்தால்

தீயணைப்புக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டால் எந்த முதியோர் இல்லத்திலும் காட்டிவிடுவார்கள். கையில் அரிவாளோடு ஒருவர் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் யார் யாருக்குச் சொல்வது, எந்தக் கதவைச் சாத்துவது, படுத்த படுக்கையாக இருக்கும் பத்துப் பேரை என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் "வாட்ச்மேன் இருக்காருங்க" என்பதோடு பதில் நின்றுவிடும். அந்தப் பதிலுக்கு மேல் என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்த்தேஜ் என்ற சிற்றூர் இருக்கிறது. 2009 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை காலை, அங்குள்ள மருத்துவப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்குள் ஒருவர் துப்பாக்கிகளோடு நுழைந்தார். ஏழு முதியவர்களும் ஒரு செவிலியரும் உயிரிழந்தார்கள். இறந்த முதியவர்கள் அவருக்கு எந்தக் கெடுதலும் செய்தவர்கள் இல்லை. அவரைவிட்டுப் பிரிந்திருந்த மனைவி அந்த இல்லத்தில் வேலை பார்த்தார். அன்று அவருக்கு டூட்டி அல்சைமர் பிரிவில். ரகசிய எண்ணை அழுத்தினால்தான் அந்தப் பிரிவின் கதவு திறக்கும். நோயாளிகள் வழிதவறி வெளியே போய்விடக்கூடாது என்று வைத்த பூட்டு, அன்றைக்கு உள்ளே இருந்தவர்களின் உயிரைக் காத்தது. தனியாளாக வந்து சேர்ந்த காவலர் ஒருவர், தன் காலில் குண்டு பாய்ந்த நிலையிலும் அந்த ஆளைச் சுட்டு வீழ்த்திப் பிடித்தார்.

இல்லம் நடத்துகிற ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தை நிதானமாக யோசித்துப் பார்க்கவேண்டும். ஓர் ஊழியரின் வீட்டுச் சண்டை இல்லத்தின் வாசலுக்கு வந்தது. பூட்டு இருந்த பகுதி தப்பித்தது. எழுந்து ஓட முடியாதவர்கள் இறந்தார்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் எழுதப்படும் பாதுகாப்புக் கையேடுகள் முதலில் சொல்வது 'ஓடுங்கள்' என்பதைத்தான். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும்? நம் திட்டம் வேறு மாதிரிதான் இருந்தாகவேண்டும்.

நம் ஊரில் துப்பாக்கி அபூர்வம். கத்தி, அரிவாள், பெட்ரோல் பாட்டில் அபூர்வமில்லை. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், மருத்துவர் ஒருவரை அவரது அறைக்குள்ளேயே ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். ஆள் நடமாட்டம் நிறைந்த பெரிய அரசு மருத்துவமனை அது. ஊருக்கு வெளியே, தோப்புக்கு நடுவில், இரவில் இரண்டே பேர் டூட்டியில் இருக்கும் இல்லத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து வருகிறது

வெளியிலிருந்து வரும் திருடனைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் கேமராவும் நாயும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அன்றாடம் நடக்கும் வன்முறை வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, குளியலறை. மறதி நோய் முற்றிய தாத்தாவுக்குக் காலை ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றுகிறார்கள். யாரோ தெரியாத ஆள் தன் உடம்பில் கைவைக்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. அறைகிறார், கடிக்கிறார், கையை முறுக்குகிறார். அடிவாங்கிய பெண் ஊழியர் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். "வயசானவங்க, அப்படித்தான் இருப்பாங்க" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அப்படி முடியவிடக்கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. முதியவரின் கையில் ஒரு கன்றல் இருந்தால் ரெஜிஸ்டரில் எழுதுகிறோம். ஊழியரின் கையில் இருந்தாலும் அதே ரெஜிஸ்டரில் எழுதவேண்டும். எழுதினால்தான் அந்தத் தாத்தா அடிப்பது எப்போதும் குளிக்கும் நேரத்தில்தான், அதிலும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றும் நாளில்தான் என்பது தெரியவரும்.

நேற்றுவரை சாதுவாக இருந்தவர் இன்று திடீரென்று அடிக்கிறார் என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை, கேட்புக் கருவியில் தீர்ந்துபோன பேட்டரி, காணாமல்போன கண்ணாடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பின்னாலிருந்து தொடாமல் முன்னால் வந்து, கண்மட்டத்துக்குக் குனிந்து, என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சின்ன வாக்கியத்தில் சொல்லவேண்டும். ஒருவர் மட்டும் பேசவேண்டும். மறுத்தால் குளியலை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். ஒருநாள் துடைத்துவிட்டால் குடி முழுகிப்போகாது. தூக்க மாத்திரையும் மனநோய் மருந்தும் கொடுத்துப் படுக்கவைப்பது எளிய வழியாகத் தெரியும். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்துவிட்டது. மருத்துவர் சொல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இரண்டாவது, பார்வையாளர் அறை. அங்கே நடக்கும் சண்டையில் பாதி சொத்துச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை மூத்த மகன் ஒரு பத்திரத்தோடு வருகிறார். அம்மாவின் கைநாட்டு வேண்டும். சேதி கேள்விப்பட்டு அடுத்த அரை மணியில் இளையவர் வருகிறார், கூட இரண்டு பேர். "எங்க அம்மா, நான் கையெழுத்து வாங்குறேன், நீ யாருடா கேக்க?" என்று குரல் ஏறும்போது நடுவில் நிற்பது சம்பளம் குறைந்த ஒரு வார்டன். இதற்கான விதியைச் சேர்க்கை நாளன்றே பிள்ளைகளிடம் எழுதி வாங்கிவிடுங்கள்: இல்லத்துக்குள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவதென்றால் முன்கூட்டியே நிர்வாகத்துக்குச் சொல்லவேண்டும், முதியவர் சம்மதிக்கவேண்டும், நிர்வாகி உடனிருக்கவேண்டும். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. இதைப் பார்வையாளர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். முதியவர் யோசனை கேட்க விரும்பினால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது.

மூன்றாவது, ஊழியரின் வீடு. கார்த்தேஜில் நடந்தது இந்த வகை. குடித்துவிட்டு வரும் கணவன், சந்தேகப்படும் காதலன், கடன் கொடுத்தவன் எல்லோருக்கும் அந்தப் பெண் எத்தனை மணிக்கு எந்தக் கேட்டு வழியாக வெளியே வருவார் என்பது தெரியும். அவர் வந்து சொன்னால் உங்கள் முதல் கேள்வி "உன் குடும்ப விஷயத்தை ஏம்மா இங்கே கொண்டுவர்றே?" என்பதாக இருந்தால், அடுத்து யாரும் வந்து சொல்லமாட்டார்கள். கேட்க வேண்டியவை இவை: ஆள் யார், போட்டோ இருக்கிறதா, வண்டி எண் என்ன, ஆயுதம் காட்டியிருக்கிறானா, "கொன்னுடுவேன்" என்று சொல்லியிருக்கிறானா? போட்டோ கேட்டில் இருக்கட்டும், பார்வையாளர் கண்ணில் படாதபடி. ஷிஃப்டையும் வேலை செய்யும் தளத்தையும் மாற்றிக்கொடுங்கள். போனில் யார் கேட்டாலும் டூட்டியில் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லாதீர்கள். பஸ் ஏறும்வரை ஒருவர் துணைக்குப் போகட்டும். 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேச அலுவலக போனையும் தனியறையையும் கொடுங்கள். வம்பு வேண்டாம் என்று அவரை வேலையைவிட்டு நிறுத்துவதுதான் மிக மோசமான முடிவு. ஆபத்து நீங்காது. அவர் போய்விட்டது தெரியாமலும் அந்த ஆள் தேடி வருவான்.

ஊழியர்களுக்குள் நடக்கும் மோதல், வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் கோபம் இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை நீக்கினால் அன்றே சாவியை வாங்குங்கள், கதவின் ரகசிய எண்ணை மாற்றுங்கள். பாலியல் தொல்லையாக இருந்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாகவேண்டும்.

பூட்டும் சாவியும்

ஒரு மாலை வேளையில் வாட்ச்மேனையும் இரவு டூட்டி ஆயாவையும் அழைத்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடந்து வாருங்கள். பொறியாளரைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். பின்பக்கக் கிரில் கேட்டின் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்பதும், சமையலறைக் கதவைப் பால்காரருக்காக நாலரை மணிக்கே திறந்து வைப்பதும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போகும்போது சாவிக்கொத்து அவர் இடுப்போடு போய்விடுவதும் அந்த நடையில்தான் தெரியவரும்.

பூட்டு என்று பேசும்போது ஏர்வாடியை மறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப முடியவில்லை. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. வன்முறைக்குப் பயந்து வெளிப்பூட்டு போடும் எவரும் நெருப்பையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

அதனால் வாசற்கதவுகளுக்கு என் பரிந்துரை இது: வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும்; உள்ளிருந்து சாவியில்லாமல் ஒரே அசைவில் திறக்கவேண்டும். மறதி நோய்ப் பிரிவுக்கு எண் பூட்டு வைக்கலாம். ஆனால் அது தீ எச்சரிக்கை மணி அடித்ததும் தானாக விடுபடும் வகையாக இருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும் பூட்டென்றால் இன்வர்ட்டரோடு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டிலும் கதவு திறந்துகிடக்கும். கிரில் கேட்டின் மாற்றுச் சாவி ஒவ்வொரு தளத்திலும் கண்ணாடி முகப்புள்ள பெட்டியில் இருக்கட்டும்.

ஒவ்வொரு தளத்திலும் ஒரு அறையை ஒளிவிடமாகக் குறித்துவையுங்கள். கனமான கதவு, உள்தாழ்ப்பாள், நடைபாதையைப் பார்க்காத ஜன்னல், குடிநீர், பெட்பேன், அந்தத் தளத்தில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் இவ்வளவும் போதும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கமாகத் திறந்தால் கட்டிலைக் குறுக்கே தள்ளிச் சக்கரத்தின் பிரேக்கைப் போட்டு முட்டுக்கொடுக்கலாம். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு அது உதவாது, தாழ்ப்பாள்தான் கதி. கடைசியாக, அறைக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு போன் பேசிப் பாருங்கள். சிக்னல் கிடைக்காத அறை ஒளிவிடமாகாது.

போன் என்றதும் இன்னொன்று. டூட்டிக்கு வந்ததும் கைபேசியை லாக்கரில் வைத்துவிடவேண்டும் என்பது பல இல்லங்களில் விதி. வேலை நேரத்தில் போன் பார்க்கக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த விதியால் இரவு இரண்டு மணிக்கு மேல்தளத்தில் தனியாக இருக்கும் ஊழியர் 112-க்குக்கூடப் பேச முடியாமல் போகிறது. தளத்துக்கு ஒரு டூட்டி போன், முழு சார்ஜோடு, ஆளின் சட்டைப்பையில் இருக்கவேண்டும். மேசைமேல் இருந்தால் பயனில்லை. அதில் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும் இருக்கட்டும். போனில் ஒட்டியிருக்கும் அட்டையில் இல்லத்தின் முழு முகவரி, பக்கத்து அடையாளம், எந்தச் சாலையிலிருந்து திரும்பவேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கவேண்டும். முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த சிஸ்டருக்குத் தெருப்பெயர் தெரியாது; பதற்றத்தில் பழைய ஆளுக்கும் வராது.

முதல் ஐந்து நிமிடம்

கத்துகிற ஆளிடம் இன்னும் ஆயுதம் இல்லை, பேச்சு மட்டும்தான் என்றால், ஒருவர் பேசட்டும், இன்னொருவர் பார்வைக்குத் தெரியும் தூரத்தில் நிற்கட்டும். மற்றவர்கள் கூடாதிருப்பது நல்லது. கூட்டம் கூடினால் அவரால் இறங்கி வர முடியாமல் போகும். இரண்டு கை தூரம் விட்டு, சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்காதீர்கள். உங்களுக்கும் ஒரு வழி பின்னால் இருக்கட்டும். "அண்ணே, அம்மாவைப் பத்தித்தானே கேக்கறீங்க, உக்காருங்க, நான் நோட்டை எடுத்துட்டு வந்து காட்டறேன்" என்ற குரலில் வேலை ஆகும். "சத்தம் போடாதே, போலீஸைக் கூப்பிடுவேன்" என்றால் ஆகாது. கூப்பிடவேண்டுமென்றால் சொல்லாமல் கூப்பிடுங்கள்.

ஆயுதம் கண்ணில் பட்ட நொடியில் பேச்சுவார்த்தை முடிந்தது. யாரும் கத்தியைப் பிடுங்கப் போகவேண்டாம். எச்சரிக்கை எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்கவேண்டும். ஒடிசா, அசாம், மணிப்பூரிலிருந்து வந்தவர்களும் இன்று நம் இல்லங்களில் வேலை செய்கிறார்கள். ரகசியக் குறிச்சொற்களை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். நீளமாக மூன்று முறை மணி, அதோடு எங்கே என்ற ஒரு சொல்: "கீழே ஆபத்து! கதவைச் சாத்து!" இது எந்த மொழிக்காரருக்கும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பிறகு கதவுகள். எட்டுக் கட்டில் வார்டை நகர்த்த முடியாது, நகர்த்தவும் வேண்டாம். வார்டு கதவைச் சாத்தித் தாழிடுங்கள், விளக்கையும் டி.வி.யையும் அணையுங்கள், கட்டில்களை முடிந்தவரை கதவின் நேர்க்கோட்டிலிருந்து விலக்குங்கள். வராந்தாவில் சக்கர நாற்காலியில் இருப்பவரை மிக அருகில் இருக்கும் அறைக்குள் தள்ளுங்கள்; அவருடைய சொந்த அறை எது என்று தேடவேண்டாம். மறதி நோயாளி பயத்தில் சத்தம் போட்டால் வாயைப் பொத்தாதீர்கள், மூச்சு முட்டிவிடும். அவருக்குப் பழகிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசிக்கொண்டே இருக்கட்டும். தட்டினாலும் கதவைத் திறக்காதீர்கள். போலீஸார் வந்து, உங்களுக்குத் தெரிந்த நிர்வாகியின் குரலும் கேட்டபிறகு திறக்கலாம்.

ஊழியர் ஓடலாமா? எல்லா இல்லங்களிலும் மனதுக்குள் இருக்கும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்கத்தான் யாரும் துணிவதில்லை. என் பதில்: ஓடலாம். ஆயுதத்தோடு எதிரே வருபவனுக்கும் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கும் நடுவில் நின்று உயிரைக் கொடுக்கச் சொல்லும் உரிமை எந்த நிர்வாகிக்கும் இல்லை. சாத்த முடிந்த கதவைச் சாத்திவிட்டு, வழி இருந்தால் வெளியேறி, 112-க்குப் பேசி, கேட்டைத் திறந்து வைத்து, வரும் போலீஸுக்கு ஆள் எந்தத் தளத்தில், எந்த ஆயுதத்தோடு இருக்கிறான் என்று சொல்வது வெளியே போனவரின் வேலை. தப்பிப்போனதற்காக யார் மேலும் நடவடிக்கை எடுக்கப்படாது என்று திட்டத்தில் எழுதி நிர்வாகி கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நல்ல ஊழியர்கள் தயங்கி நின்றே அடிபடுவார்கள்.

ஒத்திகை

அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் பராமரிப்பு இல்லங்கள் எல்லா வகை ஆபத்தையும் மதிப்பிட்டுத் திட்டம் எழுதி, ஊழியருக்குப் பயிற்சி தந்து, ஒத்திகையும் பார்த்திருக்கவேண்டும் என்ற விதி 2016-இல் வந்தது. 2017 நவம்பரில் கட்டாயமாயிற்று. நாம் ஆணைக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால் முகமூடி போட்ட ஆளைச் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே ஓடவிடும் ஒத்திகை வேண்டவே வேண்டாம். இதய நோயாளிகள் வாழும் வீட்டில் அது கொடுமை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிடம் போதும். "இப்போ மணி ஒன்பதரை, நீங்க ரெண்டாவது மாடியில் டயாபர் மாத்திட்டிருக்கீங்க, கீழே மணி மூணு தடவை அடிக்குது. என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். வாயால் சொன்னபிறகு எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்திக் காட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருப்பது அப்போது தெரியும். இரவு ஷிஃப்டுக்கு இரவிலேயே நடத்துங்கள். உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து ஒருவரை ஒருமுறை அழைத்துக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுங்கள். வரைபடத்தின் நகல் ஒன்றை அங்கே கொடுத்துவையுங்கள்.

நடந்துமுடிந்த பிறகு

108-ஐ அழைத்துக் காயம்பட்டவர்களை அனுப்பியதும் தலைகளை எண்ணுங்கள். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து எண்ணவேண்டும். பயத்தில் கட்டிலுக்கு அடியிலோ கழிவறையிலோ ஒடுங்கியிருக்கும் முதியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார்கள். சம்பவ இடத்தைப் போலீஸ் பார்ப்பதற்கு முன் கழுவிவிடாதீர்கள். உறவினர்களுக்கு இல்லத்திலிருந்தே ஒருவர் பேசவேண்டும், டி.வி.யைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

அடிபட்ட ஊழியர் சின்னக் காயம் என்று சொன்னாலும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, தாக்குதலில் ஏற்பட்ட காயம் என்று பதிவுசெய்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டு) காப்பி வாங்கிவிடுங்கள். பின்னால் வழக்கு நடந்தால் அது முக்கியமான சான்று. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடையாமல் எஃப்.ஐ.ஆர். பதிவாகும்வரை தொடருங்கள். மருத்துவச் சேவை நிறுவனங்களிலும் ஊழியர்கள் மீதும் நடக்கும் வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் இல்லம் அதில் அடங்குமா என்பதை இன்றே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பது நிர்வாகத்தின் பெயரில் இருக்கட்டும். தாக்கியவன் வீட்டார் அந்த ஊழியரின் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேச, மிரட்ட, அது ஒரு தடையாக இருக்கும்.

வைத்தியச் செலவையும் விடுப்பு நாள் சம்பளத்தையும் கேட்கவைக்காமல் கொடுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு விபத்து அறிக்கையைத் தாமதிக்காமல் அனுப்புங்கள். தூக்கம் வராமல், சத்தம் கேட்டால் நடுங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறவருக்கு 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்து, முதல் சில வாரம் இரவு டூட்டியிலிருந்து விலக்குங்கள். முதியவர்களிடமும் பேசுங்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது தவறு.

ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துச் சாட்சி சம்மன் வரும். அதற்குள் அந்த ஊழியர் வேறு இல்லத்துக்கு மாறியிருக்கலாம், ஊருக்கே போயிருக்கலாம். எங்கே இருந்தாலும் பயணச் செலவும் அன்றைய சம்பளமும் கொடுத்து, நீதிமன்றத்துக்குக் கூடப் போக ஒருவரை அனுப்பும் பொறுப்பு இல்லத்துடையது. அதற்காக அவருடைய இப்போதைய முகவரியும் போன் எண்ணும் அந்த வழக்குக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும்.